ஜர்னல் கிரைண்டிங், ரூ. 4,200

ஆடிட்டர் ஆபீசிலிருந்து வந்த கிருபாஷினி
பேனா மூடியைக் கடித்தபடி கேட்டாள்:
"ஏங்க்கா, ஜர்னலை எதுக்கு அரைச்சீங்க?"

பில்லில் அப்படித்தான் இருந்தது.
சூரமங்கலம் லேத் பட்டறை, மார்ச் பத்தொன்பது,
ஜர்னல் கிரைண்டிங், நாலாயிரத்து இருநூறு.
கம்ப்யூட்டரில் ஏற்றிய புதுப் பையன்
நாளிதழ், பருவ இதழ் தலைப்பில் போட்டுவிட்டான்.
பேப்பர்காரருக்கு இருநூற்றுப் பத்து,
அதன் கீழே இது.
அயோத்தியாப்பட்டணத்து சேகோ மில்லில்
யாரோ ஆராய்ச்சி இதழ் வரவழைத்துப் படிப்பதுபோல.

அவளுக்குத் தெரிந்த ஜர்னல் இரண்டு.
ஒன்று பரீட்சைக்கு எழுதியது.
இன்னொன்று, அவள் அண்ணன் பிஎச்.டி. முடிக்க
இரண்டு கட்டுரை வந்தாக வேண்டிய இடம்.
"ஒண்ணு வந்திடுச்சுக்கா.
இன்னொண்ணுக்குக் காசு கேக்கறாங்க."

மூன்றாவதைக் காட்டக் கூட்டிப்போனேன்.
சாப்பாட்டு நேரம், அரைவை நின்றிருந்தது.
ஃபிட்டர் சென்றாயன் மூடியைக் கழற்றினார்.
உள்ளே ஒரு சாண் இரும்பு,
மில் முழுக்க மாவு படிந்திருக்க
அது மட்டும் முகம் பார்க்கும் பளபளப்பில்.

"இதாம்மா ஜர்னல்.
தண்டு முழுக்க இல்ல,
பேரிங்குக்குள்ள உக்காருதே, இது மட்டும்.
ஓடறப்ப இரும்பை இரும்பு தொடாது.
நடுவுல முடி கனத்துக்கு எண்ணெய்,
அதுமேல மிதக்கும்.
எண்ணெய் வத்துனா தொடும்.
தொட்டுச்சுன்னா போச்சு."

அவள் குனிந்து பார்த்தாள்.
அவர் என் பக்கம் பார்க்கவில்லை.

மூன்று சீட்டு வந்தது என் மேசைக்கு.
பிப்ரவரி ஏழு, பதினாறு, மார்ச் நாலு.
பென்சிலில், ஒரே வார்த்தை: எண்ணெய்.
அறுநூற்று ஐம்பது ரூபாய்.
செலவைக் குறை என்றிருந்தார் முதலாளி,
கரண்ட் பில்லைக் குறைக்க முடியாது,
கிழங்கு வண்டிக்காரரைக் குறைக்க முடியாது.
"அடுத்த வாரம்" என்று
சிவப்பு மசியில் எழுதித் திருப்பினேன்.
என் கையெழுத்து அழகு என்பார்கள்.

பதினேழாம் தேதி ராத்திரி தண்டு பிடித்துக்கொண்டது.
இரண்டு நாள்.
முற்றத்தில் குவிந்த குச்சிக்கிழங்கு கறுத்து
புளித்த வாடை சாலை வரை போனது.
ஜன்னலில் சேர்வராயன் மலைமேல்
முதல் கோடை மழை இறங்கிக்கொண்டிருந்தது,
இந்தப் பக்கம் ஒரு தூறல் இல்லை.
சென்றாயனுக்கு இரண்டு நாள் சம்பளப் பிடித்தம்.
அதை ஏற்றியதும் நான்தான்,
தலைப்பு பிசகாமல்.

ஜர்னலில் அழிக்கக் கூடாது.
தப்பாய் ஏறியது ஏறினபடி நிற்கும்,
இன்னொரு பதிவு போட்டுத்தான் நேராக்க வேண்டும்.
இயந்திரப் பராமரிப்புக் கணக்கு, பற்று.
நாளிதழ், பருவ இதழ் கணக்கு, வரவு.
ஜர்னலுக்கே ஒரு ஜர்னல் என்று சிரித்தாள் கிருபாஷினி.
கீழே அடைப்புக்குள் காரணம் எழுத ஒரு வரி.
பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"தேய்மானத்தால வந்த செலவுன்னு போட்டிருங்கக்கா,
கேள்வி வராது."

போட்டேன்.
பொய்யில்லை, தேய்ந்தது தேய்ந்ததுதான்.
எது இல்லாமல் தேய்ந்தது என்பதற்கு
அந்தப் பக்கத்தில் கட்டம் இல்லை.

வீட்டில் கூட்டுறவு வங்கி கொடுத்த டைரி ஒன்று,
பால் கணக்கு, கேஸ் வந்த தேதி.
மார்ச் நாலைத் திருப்பினேன். வெறும் பக்கம்.
பின்தேதியிட்டு எழுதுவது எங்கள் தொழிலில் குற்றம்.
ஆகவே ஜூன் பன்னிரண்டில் எழுதினேன்:
எண்ணெய். மூன்று முறை கேட்டது. கொடுக்காதது நான்.
எதிரே வரவு வைக்க
ஒரு பெயரும் கிடைக்கவில்லை.
விளக்கை அணைத்துவிட்டேன்.

மறுநாள் காலை மேசையில் ஒரு சீட்டு.
பென்சில்தான். எண்ணெய்.
இந்தத் தடவை பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு
(ஜர்னலுக்கு) என்றிருந்தது.
எந்தத் தலைப்பில் ஏற்றுவது என்று
நான் குழம்பிவிடக் கூடாதாம்.